கடல் தெரியும் வீடும் கடலுக்குப் போகிறவரும்

சென்னையின் விலையுயர்ந்த நிலம் வீணாகக் கிடக்கிறது என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுகிறது. கலங்கரை விளக்கத்தில் தொடங்கி நொச்சிக்குப்பம், டுமீங்குப்பம், முள்ளிமா நகர், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் என்று அடையாறு முகத்துவாரம் வரை நீளும் கரையைக் காட்டித்தான் இதைச் சொல்கிறார்கள். மனை வணிகர்கள் மட்டும் சொன்னால் பதில் எழுத வேண்டியதில்லை. மருத்துவர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஏழைகள்மேல் மெய்யான அக்கறை உள்ளவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவர்களுடைய வாதம் இது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் கட்டி ஐம்பது ஆண்டாகப் போகிறது. கம்பி வெளியே தெரிகிறது, மேற்கூரை பெயர்ந்து விழுகிறது. மழைக்காலத்தில் கடல் அரித்து வீடுகள் போகின்றன. சுனாமி அடித்த இடம். இங்கே இருப்பவர்களுக்கு நகரின் வேறு பகுதியில் கழிப்பறையும் குழாயும் உள்ள வீட்டைக் கொடுத்துவிட்டு, இந்த நிலத்தில் கடல் தெரியும் சொகுசு அடுக்ககங்களைக் கட்டவிட்டால் அரசுக்குப் பணம் வரும், நகரத்தில் வீடுகள் பெருகும், இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளே இப்போது கடலுக்குப் போக விரும்புவதில்லை. லண்டனில் இதைச் செய்தார்கள், அகமதாபாத்தில் செய்தார்கள். நாம் ஏன் தயங்க வேண்டும்?

இதில் சொல்லப்படும் கவலைகளில் பல உண்மையானவை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு தவறானது.

1. இடிந்து கிடக்கிறது என்றால், இடியவிட்டது யார்?

இந்தக் கட்டடங்களைக் கட்டியது அரசு. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்பது அதன் முழக்கம். குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டித் தருவது என்பது அன்றைக்கு இந்தியாவின் பெருநகரங்களில் துணிச்சலான கொள்கை. அப்படி எழுந்த அடுக்குகள்தாம் இந்தக் கரையில் நிற்பவை. உப்புக்காற்றில் நிற்கும் கான்கிரீட்டுக்குத் தொடர்ந்து பராமரிப்பு வேண்டும் என்பது எந்தப் பொறியாளருக்கும் தெரிந்த பாடம். காற்றில் வரும் உப்பு கம்பியை எட்டுகிறது, கம்பி துருப்பிடித்து உப்புகிறது, உப்பிய கம்பி காரையைத் தள்ளுகிறது. பூச்சு விழுந்த அன்றே சரிசெய்தால் சில ஆயிரங்களில் முடியும் வேலை. விட்டுவிட்டால் முழுத் தளமும் போகும்.

குடியிருப்பவர் ஏன் சரிசெய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பலர் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. கிரயப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாத வீட்டின்மேல் வங்கி கடன் தராது. பொதுச் சுவர், பொதுக் கூரை, தூண் ஆகியவை ஒரு குடும்பத்தின் கைக்கு அடங்குபவையும் அல்ல. 2024 டிசம்பரில் சீனிவாசபுரத்தில் காரை பெயர்ந்து தலையில் விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். கட்டட உரிமையாளரின் கடமை தவறியதால் நேர்ந்த சாவு அது. அந்தச் சாவையே காரணம் காட்டிக் குடியிருப்பவரை வெளியேற்றி நிலத்தை விற்பது என்றால், கடமை தவறியவருக்கு அதன் பலனைக் கையில் கொடுக்கிறோம் என்று பொருள். தனியார் வீட்டு உரிமையாளர் ஒருவர் வாடகைக்காரரிடம் இப்படி நடந்துகொண்டால் நாமெல்லாம் அவர் பக்கமா நிற்போம்?

2. கடல் ஆபத்தானது என்றால், யாருக்கு ஆபத்தானது?

இந்தக் கேள்விக்குச் சொகுசு அடுக்ககத்தை ஆதரிப்பவர்களிடம் பதில் இல்லை. ஒரே மணல், ஒரே அலை. மீனவர் வீடு இருந்தால் உயிருக்கு ஆபத்து என்கிறார்கள்; அதே இடத்தில் இருபது மாடி வந்தால் கடற்காட்சி என்று விலையில் சேர்க்கிறார்கள். ஆபத்து உண்மையென்றால் அங்கே யாருக்கும் புதிதாகக் கட்ட அனுமதி கூடாது. பொறியியலால் சமாளிக்கக்கூடியது என்றால், அந்தப் பொறியியலை இப்போது இருப்பவர்களுக்குச் செய்து கொடுக்க எது தடை?

இந்தக் கரையின் நடத்தையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இன்றைய அகலத்துக்கு வளர்ந்தது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் கிடைக்காமல் கரை கரைந்தது. அடையாறு முகத்துவாரம் இன்னும் நிலையற்றது. மணல்திட்டு வாயை அடைக்கிறது. வெள்ளம் வந்தால் உடைகிறது. உடையும் இடம் மாறினால் சீனிவாசபுரத்தின் ஓரம் அரிக்கப்படுகிறது. இந்த இடத்தில் கனமான அடித்தளமும் அதைக் காக்கத் தடுப்புச்சுவரும் போட்டால், மணல் நகர்வு வேறெங்கோ மறிக்கப்பட்டு அந்தச் சுமை அடுத்த குப்பத்தின்மேல் விழும். இராயபுரத்தில் நாம் கண்ணால் கண்ட பாடம் இது. இழுத்து வைக்கக்கூடிய படகும் ஓலைப் பந்தலும் இந்தக் கரையோடு சேர்ந்து நகரும். கோடி ரூபாய் வீடு நகராது. அதன் உரிமையாளர் சுவர் கேட்பார், அவர் கேட்டால் சுவர் வரும்.

சட்டமும் கரையில் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் திசையில்தான் தொடங்கியது. 1991ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, நகர்ப்புறக் கரைகளில் ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ கட்டடத்துக்கோ நிலப்பக்கம் மட்டுமே கட்டலாம் என்றது. தளப்பரப்பு அளவையும் அன்றைய விதிகளோடு உறைய வைத்தது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை அந்த உறைநிலையை நீக்கிவிட்டது. கரையோர நிலத்தில் உயரமாகக் கட்டுவதில் இருந்த ஒரு பெரிய தடை அன்றோடு போயிற்று. அதன்பின் கடலின் ஆபத்து குறைந்துவிடவில்லை. நிலத்தின் விலை கூடியது.

சுனாமிக்குப் பிறகு வந்த அரசாணையையும் நினைவுபடுத்த வேண்டும். 2005 மார்ச் 30இல் வந்த அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே போனால் புதிய வீடு என்றது. போக மறுப்பவர்கள் இருந்த இடத்திலேயே பழுதுபார்த்துக்கொள்ளலாம், ஆனால் உதவி கிடையாது என்றது. பாதுகாப்பு பற்றிய அக்கறை என்றால் கரையில் தங்குபவருக்குத்தானே கூடுதல் உதவி போயிருக்க வேண்டும்?

‘பாதுகாப்பான’ மாற்றிடம் எது என்றும் பார்ப்போம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியும் அதன் வடிகால் போகும் வழியிலும் இருக்கும் ஊர்கள். 2015 டிசம்பரில் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றன. அலைக்குப் பயந்து வெள்ளத்துக்குள் குடிவைப்பதைப் பாதுகாப்பு என்று யாரும் சொல்லக்கூடாது.

3. வீட்டுக்கு வீடு சரியாகிவிடுமா?

இந்த முழு வாதத்தின் அச்சாணியே இதுதான்: ஒரு வீட்டை எடுத்தோம், அதைவிட நல்ல வீட்டைக் கொடுத்தோம், கணக்கு நேர். மீனவருக்குக் கரை வீடு மட்டும் என்றால்தான் இந்தக் கணக்கு சரி. ஆனால் கரை அவருடைய பட்டறை, களஞ்சியம், சந்தை, வானிலை நிலையம்.

காலையில் நொச்சிக்குப்பத்து லூப் சாலையில் போய் நின்றால் இது விளங்கும். ஃபைபர் படகு மணலில் ஏறியதும் வலையை இறக்கிப் பரப்பி, நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து கண்ணி கண்ணியாக மீனை எடுக்கிறார்கள். நண்டு சிக்கியிருந்தால் கால் ஒடியாமல் எடுக்க வேண்டும். ஒடிந்த நண்டுக்கு விலை பாதி. அதற்குப் பொறுமையான விரல்கள் வேண்டும், பெரும்பாலும் வயதானவர்களின் விரல்கள். கடலுக்குப் போக முடியாத முதியவருக்கும் அங்கே ஒரு பங்கு உண்டு. எடுத்த மீனைப் பெண்கள் அங்கேயே ஏலம் எடுக்கிறார்கள், ஐஸ் பெட்டியில் அடுக்குகிறார்கள், சாலையோரம் பலகையில் பரப்புகிறார்கள். “சங்கரா எப்படிக்கா?” என்று ஒருவர் கேட்க, “காலையில வந்ததுப்பா, செவுளத் தூக்கிப் பாரு” என்று பதில் வருகிறது. நெத்திலி மிஞ்சினால் மணலில் காய்கிறது. இத்தனையும் படகிலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள் நடக்கிறது. மீன் கெடும் பொருள்; தூரம் கூடக்கூட விலை இறங்கும்.

அதற்கு முன்பே, விடிய இரண்டு மூன்று மணி இருக்கும்போது, வீட்டு வாசலில் நின்று காற்றையும் அலை உடையும் இடத்தையும் பார்த்துப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். வாடைக் காற்றா, கச்சானா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கரையில் நின்றுதான் சொல்ல முடியும். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியிலிருந்து இதைப் பார்க்க முடியாது. அந்த நேரத்துக்குப் பேருந்தும் கிடையாது. படகையும் வலையையும் இஞ்சினையும் ஆளில்லாத கரையில் விட்டுவிட்டு எவரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்.

கண்ணகி நகருக்குப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே குடியேற்றம் நடக்கிறது. இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்து சம்பாதித்த பெண்கள் பேருந்துக் கட்டணத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்த்து வேலையை விட்டார்கள். பள்ளி மாற்றத்தில் பிள்ளைகளின் படிப்பு அறுந்தது. வீட்டைப் பூட்டிவிட்டும் உள்வாடகைக்கு விட்டும் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்குத் திரும்பியவர்கள் உண்டு. இலவச வீட்டை விட்டுவிட்டு ஒருவர் திரும்பி வருகிறார் என்றால் அவருக்கு வீடு மட்டும் தேவைப்படவில்லை என்பது புரிய வேண்டும்.

4. வீடுகள் பெருகினால் நகரத்துக்கு நல்லதுதானே?

எந்த வீடுகள் என்று கேட்க வேண்டும். 2012இல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, இந்திய நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறையை 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் என்று மதிப்பிட்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கும் குறைந்த வருவாயினருக்கும் உரிய பற்றாக்குறை. அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ நகர்ப்புறங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. பற்றாக்குறை ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம்.

மேல்தட்டில் வீடு கூடினால் மெல்ல மெல்லக் கீழே விலை இறங்கும் என்கிறது ஒரு கோட்பாடு. வீட்டை வசிக்க வாங்குபவர் மிகுந்த சந்தையில் அது ஓரளவு நடக்கலாம். கடல் தெரியும் அடுக்ககத்தை முதலீடாக வாங்கிப் பூட்டிவைப்பவர் எந்த வீட்டையும் காலி செய்துவிட்டு வருவதில்லை. ஆகவே அவருக்குப் பின்னால் யாரும் ஒரு படி ஏறப்போவதுமில்லை. இதற்கிடையே பட்டினப்பாக்கத்தில் இன்று நிற்கும் எளியவர் வீடுகள் இடிக்கப்பட்டிருக்கும். பற்றாக்குறை எந்தத் தட்டில் இருக்கிறதோ அந்தத் தட்டிலிருந்து வீடுகளைக் கழித்து, ஏற்கெனவே மிகுந்திருக்கும் தட்டில் கூட்டுகிறது இந்தத் திட்டம்.

வேலைவாய்ப்பு பற்றி நீட்டிப் பேச ஏதுமில்லை. சொந்தப் படகில் பங்குக்காரராக இருப்பவரை வாயிற்காவலராக ஆக்குவது முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

5. லண்டனைப் பாருங்கள் என்கிறார்கள். பார்ப்போம்.

லண்டன் டாக்லாண்ட்ஸ் இந்த வாதத்தின் செல்லப்பிள்ளை. தேம்ஸ் கரையில் இருந்த கப்பல் துறைகள் 1960களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கொள்கலன் கப்பல்கள் பெரிதாகிவிட்டன, ஆற்றுக்குள் வர முடியவில்லை. சரக்கு டில்பரிக்குப் போய்விட்டது. 1981இல் கடைசித் துறையும் மூடியது. அந்த ஆண்டே தாட்சர் அரசு டாக்லாண்ட்ஸ் மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, உள்ளூராட்சிகளின் திட்ட அனுமதி அதிகாரத்தை எடுத்து அதன் கையில் கொடுத்தது.

முதல் வேறுபாடு இங்கேயே கண்ணில் படுகிறது. அங்கே தொழில் செத்தபிறகுதான் நிலம் கைமாறியது. நொச்சிக்குப்பத்தில் இன்று காலையும் படகு இறங்கியது. உயிரோடு இருக்கும் தொழிலுக்குச் செத்த தொழிலின் மருந்தைக் கொடுக்க முடியாது.

இரண்டாவது, அது தனியார் முதலீட்டின் வெற்றிக் கதையும் அல்ல. அங்கே கேனரி வார்ஃப் அலுவலக வளாகத்தைக் கட்டிய ஒலிம்பியா அண்டு யார்க் நிறுவனம் 1992இல் நொடித்தது. அந்த இடத்தைத் தூக்கி நிறுத்தியதில் 1999இல் முடிந்த ஜூபிலி இரயில் தட நீட்டிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு ஆன செலவு சுமார் 350 கோடி பவுண்டு, பெரும்பகுதி பொதுப்பணம். அரசுக்குச் செலவே இல்லாமல் கரை மாறும் என்று இங்கே சொல்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் கலங்க வைப்பது. துறைமுகத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தங்கள் தெருவிலேயே வீடு வாங்க முடியாமல் போனார்கள்; உள்ளூராட்சி வீட்டுக்கான காத்திருப்பு நீண்டது; எதிரே கண்ணாடிக் கோபுரம் உயர்ந்தது. அந்தக் கோபம் கோபுரத்தின்மேல் பாயவில்லை, பக்கத்து வீட்டு வங்கதேசக் குடும்பத்தின்மேல் பாய்ந்தது. 1993 செப்டம்பரில் அதே பகுதியின் மில்வால் வட்டத்தில் வெள்ளை இனவெறிக் கட்சியான பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி தன் முதல் உள்ளூராட்சி இடத்தை வென்றது. வீட்டுப் பங்கீடுதான் அந்தத் தேர்தலின் மையப் பேச்சாக இருந்தது. டாக்லாண்ட்ஸை முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் இதையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

அகமதாபாத்தின் சபர்மதிக் கரையைப் பற்றி ஒன்றே போதும். அங்கே ஆற்றோரம் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வட்வா போன்ற விளிம்புகளுக்குப் போயின. நடைபாதையின் படம் எல்லோரிடமும் இருக்கிறது. போனவர்களின் படம் எத்தனை பேரிடம் இருக்கிறது?

6. இது யாருடைய நிலம்?

அரசு நிலம், ஆகவே அரசு விற்கலாம் என்பது கடைசி வாதம். கரை மணலும் அலைவாயும் பல தலைமுறையாகப் பொதுப் பயன்பாட்டில் உள்ளவை. எந்த இடத்தில் படகு நிறுத்துவது, எங்கே வலை உலர்த்துவது, எந்த ஊரின் எல்லை எங்கே முடிகிறது என்பதையெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்துகள் எழுதாத ஒழுங்கோடு நடத்திவருகின்றன. கடலோர அறிவிக்கைகளே மீனவக் குடியிருப்புகளையும் படகுத்துறை, மீன் உலர்த்தும் களம் முதலான பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்கின்றன.

நடப்பு வேறாக இருந்தது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் கட்டுமரங்களையும் அகற்ற முயன்றபோது மீனவர்கள் எதிர்த்தார்கள்; போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. பிறகு கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கரையோர மேம்பாலச் சாலை என்றார்கள். அது எதிர்ப்பில் கைவிடப்பட்டது. லூப் சாலை அகலமாகி வாகனங்கள் பெருகியபின், தலைமுறையாக அங்கே மீன் விற்ற பெண்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் ஆனார்கள். 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தலையிட, மாநகராட்சி கடைகளை எடுத்தது. பெண்கள் மீனைச் சாலையில் கொட்டி மறித்தார்கள். கடைசியில் 366 கடைகள் கொண்ட அங்காடி அதே சாலையோரத்தில் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. விற்கும் பெண்களுக்கு அதிலும் குறைகள் உண்டு. ஆனால் கரையிலேயே இடம் கொடுத்து ஒரு சிக்கலைத் தீர்க்க முடியும் என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று.

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தை நான் அப்படியே ஏற்கிறேன். கடலுக்குப் போக விரும்பாத பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும், எந்த வேலைக்கும் போகட்டும். அப்படிப் படிக்க மயிலாப்பூர், சாந்தோம் பள்ளிகளுக்கும் மாநிலக் கல்லூரிக்கும் நடந்தோ ஒரே பேருந்திலோ போகும் தூரம் அவர்களுக்கு இருக்கும் பெரிய சொத்து. தொழிலை விட்டு வெளியே வர நினைக்கும் பிள்ளையை நகரத்தின் மையத்திலிருந்து விளிம்புக்கு அனுப்பினால் அவன் எதிர்பார்த்த கதவும் சேர்ந்தே மூடுகிறது.

செய்ய வேண்டியது ஏற்கெனவே பாதி செய்து பார்க்கப்பட்டதுதான். சுனாமிக்குப் பின் நொச்சிக்குப்பத்தில் பழைய அடுக்குகளை இடித்துவிட்டு அதே இடத்தில் புதியவை கட்டினார்கள். காலதாமதம், ஒதுக்கீட்டில் சச்சரவு, கூடிவிட்ட குடும்பங்களுக்கு வீடு போதாமை என்று அதில் பிழைகள் இருந்தன. அவையெல்லாம் திருத்தக்கூடியவை. சீனிவாசபுரத்திலும் பட்டினப்பாக்கத்திலும் பாதிக் குடும்பங்களைப் பக்கத்தில் வாடகைக்கு வைத்து, வாடகையை வாரியம் மாதந்தோறும் முன்கூட்டிக் கொடுத்து, பகுதி பகுதியாக இடித்துக் கட்டலாம். தரைத்தளத்தை வலைக்கும் இஞ்சினுக்கும் ஐஸ் பெட்டிக்கும் விடலாம். கிரயப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வெளியாருக்கு விற்கத் தடையோடு.

இதற்குமுன் ஓர் ஆவணம் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். கடலோர மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கான திட்டத்தை மாநில அரசுகள் தயாரிக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு அறிவிக்கையே சொன்னது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையிலும் அது இருக்கிறது. கலங்கரை விளக்கம் முதல் முகத்துவாரம் வரை ஒவ்வொரு குப்பத்துக்குமான அந்தத் திட்டத்தைத் தமிழில் அச்சிட்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துப் படித்துக் காட்டி, ஆட்சேபங்களைக் கேட்டு முடிக்கும்வரை இந்தக் கரையில் ஒரு சதுர அடிக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரக்கூடாது.